கணினியை அணைக்க வேண்டாம்

முப்பத்தேழு சதவீதத்தில் அது மறுபடியும் நின்றது. அடுத்து முப்பத்தெட்டு வர வேண்டும், வராது, காலையிலிருந்து இந்த முப்பத்தேழோடு சாருமதிக்கு அப்படி ஒரு பழக்கமாகிவிட்டது. நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டம் போட்டன. கீழே ஒரு வரி, அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம். நான் எங்கேடா அணைத்தேன், நீயாகத்தானே அணைந்துபோகிறாய், அணைந்துவிட்டு எழுந்து வந்து ஏதோ தவறு நடந்துவிட்டது என்று என்னிடமே சொல்கிறாய். ஏதோ தவறாம். என்ன தவறு என்று சொல்லித் தொலைத்தால் என்ன. வீட்டில் கணவன் லோகநாதனும் இப்படித்தான், என்னமோ ஆயிருச்சு சாரு என்று சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான், என்னமோ என்றால் என்ன என்று கேட்டால் அதற்கு மேல் பேச்சு வராது. அவன் பெருந்துறையில் ஆபீசில் இருக்கிறான், லேப்டாப்பும் அவனோடு போயிருக்கிறது. போகும்போது, ஏன் இவ்வளவு கஷ்டப்படறே, வராட்டி விட்டுத்தள்ளு, நாமென்ன கஷ்டத்துலயா இருக்கோம் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்பாகச் சொன்னதுதான் எரிச்சல். திட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த ரோஷத்திலாவது இது ஓடியிருக்கும் என்று தோன்றியது, அவன் திட்டுவதற்கும் கம்ப்யூட்டர் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று உடனே தோன்றியது, கால் தானாக ஆட ஆரம்பித்தது, மேசையும் கூடவே லேசாக ஆடியது. நாலு மணிக்குள் வேலைக்கான சோதனையை எழுதி அனுப்ப வேண்டும். இப்போதே பன்னிரண்டு தாண்டிவிட்டது.

பழைய வேலையில் மேலதிகாரியாக இருந்த ஹில்டா மேடம் போன வாரம் போனில் கூப்பிட்டபோது குரலை வைத்தே அடையாளம் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்லும் முன்பே சாருமதி, மேடம், என்றாள். பதினோரு வருடம் கழித்து. கோயமுத்தூரில் அந்த நான்காவது மாடியில் வரிசை வரிசையாகப் பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். புரியாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டு விட்டுவிட வேண்டும். ஊகித்து எழுதினால் ஒரு ஆள் செத்துப்போவான், கோடு போட்டால் உன் மார்க் மட்டும்தான் போகும் என்பாள் ஹில்டா. அந்தக் கோடுகளை நிரப்பத்தான் எல்லோரும் சாருமதியிடம் வருவார்கள். சாரு, ஒரு காது குடேன். அவள் தன் வேலையை நிறுத்தி, அந்த ஹெட்போனை வாங்கி, கண்ணை மூடி ஒரு தடவை கேட்பாள், இரண்டாம் தடவை பாதியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொல்லைச் சொல்லிவிடுவாள். கர்வம் என்றால் அது கர்வம். கழுத்தில் தாலி ஏறியபோதுகூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. இப்போது தட்டச்சு செய்வதை மிஷினே செய்துவிடுகிறதாம். அது தப்பும் தவறுமாகச் செய்து வைப்பதைக் கேட்டுத் திருத்தத்தான் ஆள் வேண்டுமாம், வீட்டிலிருந்தே செய்யலாமாம். காது இருக்கறவங்க யாருமே இல்ல சாரு, எல்லாரும் ஊகிச்சே எழுதறாங்க, உன் பேரைக் குடுத்திருக்கேன், டெஸ்ட் மட்டும் எழுதிடு என்றாள் ஹில்டா. போனை வைத்துவிட்டு சாருமதி சமையலறையில் நின்று, குக்கர் விசிலையும் தெருவில் பால்காரர் வண்டி போவதையும் வேண்டுமென்றே கவனித்துக் கேட்டாள். எல்லாம் கேட்டது. ஆனால் அதற்குப் பெயர் காது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை பார்க்கலாம் என்றாள், சனிக்கிழமை அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை பையனுக்குக் காய்ச்சல், எல்லாம் சாக்கு, நாளைக்குத் திறக்கலாம் என்று நினைக்கிற ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஒரு சுகமான தளர்ச்சி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தன் சம்பளத்தில் வாங்கி, சீரோடு சீராக இந்த வீட்டுக்கு வந்து, வந்த ஒரு வருடத்தில் அணைத்து வைக்கப்பட்ட கம்ப்யூட்டர். இன்று காலை லோகநாதனும் பையனும் போனபின் பொத்தானை அழுத்தியபோது எழுந்ததே ஆச்சரியம். எழுந்தது, எழுந்து தேதியைக் காட்டியது, ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி ஒன்று. அவளுக்குக் கல்யாணம் ஆகியிராத ஜனவரி. சோதனைக்கான மென்பொருளை இறக்கினால், உங்கள் இயங்குதளம் மிகப் பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கப் போனால், சான்றிதழ் செல்லாது என்றது. யாருடைய சான்றிதழ், எதற்குச் செல்லாது, டிகிரி சர்டிபிகேட்டையா கேட்கிறது என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகப் பயந்துவிட்டாள். போனில் தேடினால், உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது செத்துவிட்டால் தேதி பின்னால் போய்விடும், அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்பாது என்று ஒருவர் விளக்கியிருந்தார். தேதியைக் கையால் திருத்தினாள். சமாதானமாகிவிட்டது. அடுத்து இடம் போதாது என்றது. படங்களை அழித்தாள், என்னென்ன படம் என்று பார்க்காமலே அழித்தாள், பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரியும். அதற்குப் பிறகுதான் இந்த முப்பத்தேழு. மூன்று முறை அங்கே போய், பட்டென்று அணைந்து, மறுபடி எழுந்து, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம் என்று பழைய இடத்துக்கே வந்து நின்றது. இது நாலாவது.

"அம்மிணி, சோறு உண்டுபோட்டு வந்து அதுங்கூட மல்லுக்கட்டு. ரசம் ஆறுது பாரு."

அத்தை வாசற்படியில் நின்றாள். ருக்மணி அத்தைக்கு எழுபதாகப் போகிறது, பேச்சில் கடுமை கிடையாது, நிற்கிற விதத்தில்தான் இருக்கும், பதில் வரும்வரை நகர மாட்டாள்.

"இதா வந்தறனுங்கத்தை. நீங்க உண்ணுங்க."

"எத்தன வாட்டி இதா இதான்னு சொல்லுவே? அது ஆகாதுன்னா விடு. லோகு வந்தா பாத்துக்குவான்."

"அவரு வர்றப்ப நேரம் முடிஞ்சுருமுங்க."

"முடிஞ்சா முடியட்டும். ஏங்கண்ணு, வீட்டுல இல்லாததா?" அத்தை திரும்பப் போனவள் நின்றாள். "காலை ஆட்டாதே. பொம்பள உக்காந்து காலை ஆட்டுனா வீட்டுக்கு ஆகாது."

சாருமதி காலை நிறுத்தினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை நிறுத்தியிருப்பாள், வீட்டுக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகாது, எனக்கு எது ஆகும் என்று ஒருவராவது கேட்டதுண்டா என்று மனதுக்குள் ஒரு வசனம் எழும்பியது, எழும்பிய வேகத்திலேயே அது பொய் என்றும் பட்டது. யார் தடுத்தார்கள். லோகநாதன் தடுக்கவில்லை. அத்தைகூடப் பையன் பிறந்தபோது, நான் பாத்துக்கறேன், நீ வேணுன்னா வேலைக்குப் போ அம்மிணி என்றாள், சொன்னாள், காதால் கேட்டது. போகாதவள் இவள்தான். முதலில் பையன் சின்னவன் என்றாள், பிறகு பள்ளிக்கூடம், பிறகு வேலையே மாறிப்போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது உள்ளூர ஒரு நிம்மதி, அப்பாடா, இனி நான் போகவில்லை என்று இல்லை, வேலைதான் இல்லை. இதோ இப்போதும் அதேதான். முதல் தடவை முப்பத்தேழில் அணைந்தபோது நெஞ்சில் என்ன வந்தது? கோபம் வந்தது, சரி, கோபத்துக்கு முன்னால் ஒரு நொடி என்ன வந்தது? அதை அவள் பார்க்க விரும்பவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, முகத்தில் ஒட்டிய நூலாம்படையாகக் கையில் அகப்படாமல் உறுத்தியது. அப்பாடா என்று வந்தது. அதுதான். கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் சோதனை இல்லை, சோதனை இல்லாவிட்டால் சாருவின் காது அந்த நான்காவது மாடியில் எப்போதும் போலப் பத்திரமாக இருக்கும், ஹில்டா மேடம் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள், அப்படி ஒரு காது. சோதனை எழுதி, ஒன்றுமே புரியாமல், பக்கம் முழுக்கக் கோடு கோடாகப் போட்டு அனுப்பினால்? அதற்கப்புறம் எதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவது? வேலை போனால் போகிறது, வேலையில்லாமல் இத்தனை வருடம் இருந்தாயிற்று. அந்தக் காது இல்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த பதினோரு வருடம் இந்த வீட்டில் ரசம் வைக்க முடியுமா? சனியனே, ஓடு, என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். சொல்வது மிஷினையா தன்னையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

திரையில் நாற்பத்தொன்று என்று இருந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாற்பத்தொன்று. இதுவரை வராத ஊர். நாற்பத்து நாலு. போனில் ஒருவன், வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பாக்கப்போறது என்று ஆரம்பித்து முக்கால்வாசி நேரம் தன் சேனலைப் பற்றியே பேசியவன், கடைசியில் சொன்னது, பொறுமையா இருங்க நண்பர்களே. உருப்படியாக அவன் சொன்னது அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஐம்பது. பாதி தாண்டிவிட்டது, முழுசும் தாண்டிவிட்டால் எழுதத்தான் வேண்டும், மணி என்ன, ஒன்றே கால், எழுத நேரம் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது, ஹெட்போன் லோகநாதனுடையது, அது சரியாக வருமா, வராவிட்டால், வராவிட்டால் என்ன செய்வது, கால் ஆடியது, மேசை ஆடியது, கீழ்த்தட்டில் இருந்த சிபியூ பெட்டியும் ஆடியது, ஐம்பத்திரண்டு, பட். திரை கறுத்தது. பெட்டிக்குள் விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. அறைக்குள் திடீரென்று ருக்மணி அத்தை மோர் கலக்கும் சத்தம் கேட்டது.

சாருமதி கத்தவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், அசைந்தால் எதையாவது தூக்கி எறிந்துவிடுவாள். மின்சாரம் போகவில்லை, மேலே ஃபேன் சுற்றுகிறது. யூபிஎஸ் கிடையாது, நேராகச் சுவரிலிருந்துதான். அப்டேட் தோற்றால் அணையும் முன்பே செய்தி வரும், இது செய்தியே சொல்லாமல் செத்துப்போகிறது, அப்படியானால் இது அப்டேட்டின் வேலையே இல்லை. யாரோ அணைக்கிறார்கள். யார்? அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அத்தை வந்து காலை ஆட்டாதே என்று சொல்லிவிட்டுப் போன அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அது ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, எப்போது நின்றது? அவள் குனிந்தாள். முழங்காலை வேண்டுமென்றே மேசைக் காலில் இடித்தாள். கீழ்த்தட்டில் பெட்டி மெல்ல ஆடியது. அதன் நெற்றி நடுவில் வட்டமான பொத்தான். அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். அது திரும்பி வரவில்லை. பாதி வந்து, ஏதோ ஒரு தயக்கத்தில் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. லேசாக ஆட்டினால் உள்ளே போய்த் தொட்டது, தொட்டபடியே இருந்தால் அணைக்கச் சொல்கிறார்கள் என்று அது அணைந்துகொண்டது. எரிச்சல் வரவரக் காலை ஆட்டி, காலை ஆட்ட ஆட்ட அவளேதான் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தாள். பொத்தானைச் சுற்றி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, இறுகிப் போயிருந்தது.

சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அத்தை சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தை அவள் கையில்தான் கொடுப்பாள். கிரைண்டருக்கு, தையல் மிஷினுக்கு, லோகநாதன் வண்டிக்கு, அரிவாள்மணைக்கு, கடைசியாக இதற்கு. சரஸ்வதியாச்சே அம்மிணி, அதுக்கு நல்லா வை. திரைக்கு நெற்றி எது என்று தெரியும், பெட்டிக்கு எங்கே வைப்பது? பொத்தான்தான் பொட்டுக்கென்றே செய்தது மாதிரி வட்டமாக இருந்தது. துணியால் தூசி தட்டி, விரலால் கெட்டியாக ஒரு சந்தனம், அதன்மேல் குங்குமம், ஒரு பூ, பழைய சேலைத்துண்டால் மூடி, கும்பிட்டுவிட்டுப் போய் சுண்டல் தாளிப்பாள். வருஷா வருஷம். ஒரு வருடமாவது பொட்டு வைத்த அந்த விரலை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தியிருந்தால் அது எழுந்திருக்கும். எவ்வளவு பக்தி! அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து இடுக்கில் விட்டுக் கிளறினாள், பொடி உதிர்ந்தது, நகத்தால் சுரண்டினாள், ஊதினாள், கண்ணில் விழுந்தது, குங்குமம் எரிந்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுபடி கிளறினாள். அழுகையா எரிச்சலா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், இரண்டும்தான். பூஜை பண்ணிப் பண்ணியே அடைத்துவிட்டாயேடி பாவி.

"கண்ணுல என்ன?" அத்தை ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"குங்குமமுங்க. சந்தனம் பொத்தானுக்குள்ள போயி இறுகிக்கிச்சு. அதானுங்க இத்தன நேரமா அணைஞ்சு அணைஞ்சு போச்சு."

அத்தை குனிந்து, தரையில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் பொடியைப் பார்த்தாள். "நாஞ்சொல்லித்தானே வெச்சே" என்றாள்.

"நானுந்தானுங்க வெச்சேன்."

அத்தை உள்ளே போய், மோரில் பிசைந்த சோற்றை ஒரு டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் டிவி சத்தம் குறைந்தது.

பொத்தான் இப்போது டக்கென்று உள்ளே போய் டக்கென்று வெளியே வந்தது. சாருமதி இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி மடக்கி உட்கார்ந்துகொண்டாள், எதற்கு வம்பு. முப்பத்தேழு வந்தது, போனது. ஐம்பத்திரண்டு போனது. போகப் போக அவளுக்குக் கோபித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து எத்தனை பேர்மேல் எரிந்து விழுந்தாயிற்று, தேதிமேல், பேட்டரிமேல், அந்த நண்பர்களே மேல், லோகநாதனின் அன்புமேல், எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அறையில் அவளும் அவள் காதும்தான். எண்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு டாக்டர் குரலைக் கேட்டு ஒரு வரிகூடப் புரியாமல் கழிப்பறைக்குப் போய் அழுதது நினைவுக்கு வந்தது, எத்தனையோ ஞாபகம் இருக்க இதுவா இப்போது வர வேண்டும். அப்போது வயது இருபத்திரண்டு, அழுதால் சரியாகிவிடும் வயது. இப்போது காதோரம் நரை. டம்ளர் சோற்றை இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தாள். தொண்ணூற்றாறு. வேண்டாம், இங்கேயே நில் என்று மனதின் எந்த மூலையோ சொன்னது, அவள் அதைக் கேட்டாள், தெளிவாகவே கேட்டாள். நூறு. திரை விழித்தது. வரவேற்கிறோம் என்றது. சோதனையின் மென்பொருள் இந்த முறை வாசலில் நிறுத்தவில்லை, பெயரைக் கேட்டது, உள்ளே விட்டது, முதல் பதிவு தயார் என்று ஒரு பச்சைப் பொத்தானைக் காட்டியது. அவள் அதை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது போன் அடித்தது.

"சாரு, என்னப்பா, உன் பேருக்கு நேரா இன்னும் காலியாவே காட்டுது?" ஹில்டா மேடம்.

"சிஸ்டம் பழசு மேடம், காலையில இருந்து அப்டேட் ஆகவே இல்ல."

"ஐயோ. மூணு மணி ஆகப்போகுது. சரி, ஒண்ணு பண்றேன். சிஸ்டம் ப்ராப்ளம்னு போட்டுடறேன், உன் பேர்ல ஒண்ணும் வராது. அடுத்த பேட்ச் எப்பன்னு தெரியாது, ஆனா வந்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன். உன் காது எனக்குத் தெரியாதா? போட்டுடவா?"

நேராகக் கையில் கொண்டுவந்து வைத்தது போலிருந்தது. எல்லாம் அதில் இருந்தது, காது பத்திரம், பேர் பத்திரம், யார்மேலும் தப்பில்லை, காலையிலிருந்து அவள் பட்ட பாடுகூட வீணில்லை, ஏனென்றால் அவள் முயன்றாள், முடியவில்லை, சிஸ்டம் ப்ராப்ளம். ம் என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். ம் வாய்வரை வந்துவிட்டது. பச்சைப் பொத்தான் கண் கொட்டாமல் இருந்தது. உன் காது எனக்குத் தெரியாதா என்கிறாள், தெரியாது மேடம், எனக்கே தெரியாது.

"வேண்டாம் மேடம்" என்றாள். "இப்ப ஆயிருச்சு. சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு."

"ஆயிடுச்சா? அப்புறம் என்ன, ஆரம்பி."

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். சொல்லிவிட்டாள். இனிமேல் கோடு விழுந்தால் அது அவளுடைய கோடு, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. ஹெட்போனை மாட்டிப் பச்சையை அழுத்தினாள். ஒரு ஆண் குரல், வேகமாக, வாய்க்குள்ளேயே. முதல் வாக்கியம் புரியவில்லை. மிஷின் எழுதி வைத்திருந்ததும் உளறல். இரண்டாவது வாக்கியத்தில் நோயாளியின் வயது மட்டும் பிடிபட்டது, மிச்சம் போய்விட்டது. காதுமடல் கொதித்தது. பின்னால் போய் மறுபடி கேட்டாள், இல்லை. போய்விட்டது, அவ்வளவுதான், போயே போய்விட்டது, பயந்தது சரிதான், கை கோடு போடும் விசைக்குப் போனது. போன கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஓட விட்டாள். சொல்லைத் தேடாமல் சும்மா அந்த ஆளைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தது, நடுநடுவே சின்னதாக ஒரு நொறுக்கு, ஒரு விழுங்கல், விழுங்கியதும் அடுத்த இரண்டு சொல் பளிச்சென்று, பிறகு மறுபடி சாய்வு. இடது கன்னத்தில் எதையோ அடக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

"தின்னுக்கிட்டே பேசறான், பரதேசி" என்றாள் சாருமதி சத்தமாக. வாக்கியம் முழுசாக வந்துவிட்டது. அவள் மிஷின் எழுதியதை அழித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள்.